பத்து நூல் ஓஸ்

என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "கடையில யாரும் இல்லையா?" என்று கேட்பார்கள். நான் மேசைக்குப் பின்னால் நின்றுகொண்டிருப்பேன். கையில் ஓஸ் வெட்டுகிற கத்தி இருக்கும். "ஏன், நான் ஆளாத் தெரியலையா?" என்பேன். சிலர் அசடு வழிவார்கள். சிலர் அடுத்த கடைக்குப் போய்விட்டு, அங்கே சரியான அளவு கிடைக்காமல் திரும்பி வருவார்கள். அவர்களை வேண்டுமென்றே கொஞ்ச நேரம் நிற்க வைப்பேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

கடை விருதுநகரில் மதுரை ரோட்டில் இருக்கிறது. லாரி ரேடியேட்டர் ஓஸ், போர்வெல் வண்டி ஓஸ், டிராக்டர் ஓஸ், சிவகாசி பிரஸ்காரர்களுக்குக் காற்று ஓஸ், காரியாபட்டிப் பக்கத்து விவசாயிகளுக்குக் கிணற்று மோட்டார் பைப், எல்லாம் உண்டு. அப்பா ஆரம்பித்தது. அவர் போன பிறகு நான் நடத்துகிறேன். செல்போன் ரீசார்ஜ் கடையாக மாற்றச் சொல்லி உறவுக்காரர்கள் நச்சரித்தார்கள். ஓஸின் உள்ளளவுக்கும் வெளியளவுக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் அவர்கள். அவர்கள் பேச்சை நான் ஏன் கேட்க வேண்டும்?

சமீபத்தில் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் ஒருவர், எங்கள் பக்கத்துப் பையன் ஒருவன் ஓட்டிய ரேஸ் கார் முழுக்க முழுக்கக் கோயம்புத்தூரில் செய்தது என்று என் காதுபடச் சொன்னார். சாப்பாட்டை விட்டு எழுந்து சண்டை போட முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். இன்ஜின் யார் செய்தார்களோ எனக்குத் தெரியாது. அந்தக் காருக்குத் தண்ணீர் ஓஸ் போட்டது நான்.

தெருவுக்குத் தெரு பிரவுசிங் சென்டர் இருந்த வருடங்கள் அவை. தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனிகள் எல்லாம் மூடிக் கிடந்த சமயத்தில், ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துக் கம்பெனி முதலாளியின் மகன் கடைக்கு வந்தான். இன்ஜினியரிங் படித்துவிட்டு அப்பாவின் ஆர்டர்களைப் பார்த்துக்கொண்டிருந்தவன். சீசன் முடிந்தால் அவனுக்கு வேலை கிடையாது. அந்த ஓய்வில் ஒரு பழைய காரைப் பிரித்து ரேஸ் காராக மாற்றிக்கொண்டிருந்தான். வளைந்து வளைந்து ஓடுகிற ரேஸ் இல்லை. இரண்டு கார் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், பச்சை விளக்கு எரிந்ததும் நேர்கோட்டில் பாயும், கால் மைலில் முடிந்துவிடும். அதற்கு டிராக் ரேஸ் என்று பெயர் என்றான்.

"அக்கா, இன்ஜினுக்குள்ள காத்தத் தள்ளுற டர்போ வைக்க எடம் பத்தல. ரேடியேட்டரை ஒதுக்கி ஓரமா வச்சுட்டேன். கம்பெனி ஓஸ் ஒண்ணும் எட்ட மாட்டேங்குது. புதுசாப் போடணும்."

"என்ன அளவு?"

அவன் பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்த தாள்களை விரித்தான். வெளிநாட்டுக்காரர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்ட சண்டைகள் அவை. ஒருவன் முக்கால் இஞ்ச் போதும் என்றான், ஒருவன் ஒரு இஞ்ச் வேண்டும் என்றான், இன்னொருவன் அதற்கும் மேலே போனான். என் கடைவாசலில் டிரைவர்கள் பேசுவதும் அப்படித்தான் இருக்கும்.

"ஆறு நூல் போதும்னு முடிவு பண்ணிருக்கேன்கா. ஓடுறதே கொஞ்ச நேரம். எடையும் கொறையும்."

எங்கள் தொழிலில் இஞ்சை எட்டாகப் பிரித்து ஒரு பங்கை நூல் என்போம். ஆறு நூல் என்றால் முக்கால் இஞ்ச்.

"எடை கொறையணும்னா உன் தொப்பையக் கொறை தம்பி. தண்ணியில கைய வைக்காத. உங்க அப்பாவுக்குக் கெணறு இருக்கா?"

"இருக்கு."

"மோட்டாருக்குத் தண்ணி உறிஞ்சுற பைப்பு பெருசா, வெளிய தள்ளுற பைப்பு பெருசா?"

"உறிஞ்சுறதுதான் பெருசு."

"அதச் சின்னதாப் போட்டா என்ன ஆகும்?"

"மோட்டார் தெணறும்."

"உன் இன்ஜின்ல இருக்கிறதும் ஒரு மோட்டார்தான். ரேடியேட்டரோட அடியில இருந்து உறிஞ்சுது, மேல தள்ளுது. நீ ஆக்சிலேட்டர மிதிக்கிற மிதிக்கு அது எம்புட்டு வேகமா உறிஞ்சும். ஆறு நூல் ஓஸக் கொடுத்தா பன்னீர் சோடாவுல சன்ன ஸ்ட்ராவப் போட்ட மாதிரி ஒட்டிக்கிட்டு நிக்கும்."

அடி ஓஸ் பத்து நூல், அதாவது ஒன்றேகால் இஞ்ச். உள்ளே ஸ்பிரிங் கம்பி போட்டது, இல்லாவிட்டால் உறிஞ்சுகிற வேகத்தில் ஓஸ் சப்பையாகிவிடும். மேல் ஓஸ் எட்டு நூல். பஸ், லாரிக்குப் போடுகிற துணி வைத்த சூடு தாங்கும் ரப்பர். டிராக்டரின் எண்ணெய் ஓஸ் தடிமனாக இருக்கிறதே என்று அதைக் கேட்டான். அதன் உட்பக்க ரப்பர் எண்ணெய்க்குச் செய்தது, கொதிக்கிற தண்ணீரில் பொரிந்துவிடும் என்று சொல்லி எடுத்து உள்ளே வைத்தேன். எங்கேயும் முழங்கை மாதிரி சட்டென்று மடங்கும் வளைவு கூடாது, பெரிய வளைவாகத்தான் போக வேண்டும் என்றேன். ஓடுவது கொஞ்ச நேரம்தான். ஆனால் அதற்கு முன்னால் வெயிலில் வரிசையில் இன்ஜினை ஓடவிட்டு நிற்கும் நேரத்தை அவன் கணக்கில் எடுக்கவே இல்லை.

அம்மா அன்று மதியச் சோறு கொண்டுவந்திருந்தாள். நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். தாள்களை எட்டிப் பார்த்துவிட்டு, "காருக்கு டிரிப் ஏத்தப் போறீகளா?" என்றாள்.

"ஆமாத்தா, பெரிய ஊசியாப் போடணும்னு சொல்லுறாக உங்க மக."

"ரத்தம் ஏத்துறதுக்குப் பெரிய ஊசிதான்யா போடணும். அவ சரியாத்தான் சொல்லுறா," என்று டிபன் பாக்ஸை வைத்துவிட்டுப் போனாள். அம்மா என் பக்கம் பேசியது அபூர்வம். அதனால் நினைவிருக்கிறது.

அவன் கடைசியில் ஒப்புக்கொண்டான். ஆனால் ஒன்று சொன்னான். கோயம்புத்தூரில் அவனுடைய காலேஜ் சிநேகிதன் ரேஸ் கார் வொர்க்ஷாப் வைத்திருக்கிறான், தண்ணீர் வேலையையும் தானே பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறான். "நம்ம ஊர்ல முடியும்னு நான்தான்கா அடம்பிடிச்சு நிக்கேன். ஓட்டிப் பாக்கும்போது தண்ணி வெளிய வந்துச்சுன்னா காரை லாரியில ஏத்திக் கோயம்புத்தூருக்கு அனுப்பிருவேன். அப்பறம் என்னைய ஏசாதீக." ரேஸில் தண்ணீர் சிந்தினால் பின்னால் வருகிற கார் வழுக்கிவிடும், அதனால் உடனே வெளியே தள்ளிவிடுவார்களாம்.

"தண்ணி வராது," என்றேன்.

இன்ஜின் வாய் ஒரு அளவு, ரேடியேட்டர் வாய் வேறு அளவு. இரண்டுக்கும் நடுவே ஓஸைச் சொருகுவதற்குக் குழாய் முனைகள் வேண்டும். ரேஸ் காருக்கென்றே திருகு போட்ட முனைகள் வெளிநாட்டில் உண்டு. வரவழைப்பதற்குள் ரேஸ் முடிந்துவிடும். சூலக்கரை போகிற வழியில் லேத் பட்டறை வைத்திருந்த ஒருவரிடம் போனேன். பட்டாசுக் கம்பெனிகளுக்குப் பித்தளைச் சாமான் கடைந்து கொடுப்பவர். மருந்து இடிக்கிற குச்சி, அள்ளுகிற கரண்டி, புனல் எல்லாம். இரும்பு உரசினால் தீப்பொறி வரும் என்பதால் மருந்து அறையில் பித்தளையும் மரமும்தான். அவர் கை வேலையில் குறை சொல்ல இந்த மாவட்டத்தில் ஆள் கிடையாது.

ஒரு அட்டையில் படம் வரைந்து கொடுத்தேன். முனையின் ஓரத்தில் சுற்றிலும் ஒரு மேடு வேண்டும், மோதிரம் போட்ட விரல் மாதிரி. ஓஸை அந்த மேட்டைத் தாண்டிச் சொருகி, பின்னால் கிளிப் போட்டு இறுக்கினால் எவ்வளவு அழுத்தத்திலும் கழன்று வராது. "புரிஞ்சுதாண்ணே?" என்றேன். "இதுல புரிய என்ன இருக்கு தாயி," என்றார்.

வேலை முடிந்ததும் முதலாளி மகனே போய் முனைகளை வாங்கி, நேரே அவன் கொட்டகைக்குக் கொண்டுபோய், என் ஓஸைச் சொருகி, கிளிப்பை இறுக்கிவிட்டான். என்னைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் என்று தோன்றவில்லை. ஓட்டிப் பார்க்கிற அன்றைக்குத்தான் கூப்பிட்டான்.

அவர்கள் கம்பெனிக்குப் போகிற தனிப்பாதை, காய்ந்த புஞ்சைகளுக்கு நடுவே நேராகக் கிடந்தது. கம்பெனி மூடியிருந்தாலும் கட்டடங்கள் பக்கம் இன்ஜினைக் கொண்டுவரக் கூடாது என்று அவன் அப்பா கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால் ரோட்டுமுனையில்தான் நின்றோம். கோயம்புத்தூர்க்காரனும் வந்திருந்தான். கறுப்புக் கண்ணாடி, கையில் துண்டு. என் ஓஸைக் குனிந்து பார்த்துவிட்டு, "ஏனுங்க்கா, இது தண்ணி லாரிக்கு வச்சிருந்ததுங்களா?" என்றான்.

"லாரி ஊரு ஊராப் போயிட்டு வருது. உங்க காரு கால் மைல்ல நின்னுருது," என்றேன்.

கார் கிளம்பியது. சத்தம் என் நெஞ்சுக்குள் கேட்டது. பாதி தூரம் போவதற்குள் முன்பக்கமிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பியது. நான் ஓடினேன். செருப்பு ஒன்று வழியில் கிடந்துவிட்டது. போய்ப் பார்த்தால் மேல் ஓஸ் முழுசாகக் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. ஓஸ் கிழியவில்லை. கிளிப் அதன் மேல் இறுக்கியபடியே இருந்தது. தண்ணீர் முழுவதும் தார் ரோட்டில்.

"ஓஸ் புட்டுக்கிச்சுங்க," என்றான் கோயம்புத்தூர்க்காரன். அவன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"ஓஸ் புட்டுக்கல. கண்ணாடியக் கழட்டிட்டுப் பாருங்க," என்றேன்.

ஆறுகிறவரை காத்திருந்து பித்தளை முனையைத் தொட்டுப் பார்த்தேன். கோயில் மணி மாதிரி பளபளவென்று இருந்தது. விரல் நிற்க இடமில்லை. நான் கேட்ட மேடு இல்லை. ஒரு முனையில் மட்டுமில்லை, எதிலுமே இல்லை. வழுவழுப்பான பித்தளையில் ஓஸை மாட்டினால், எண்ணெய் தடவின மூங்கிலில் பனியனை மாட்டினது போலத்தான்.

முதலாளி மகன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். "திங்கக்கெழமை லாரி வருதுக்கா," என்றான்.

"திங்கக்கெழமை வரைக்கும் காரு இங்கனதான நிக்குது? முனையெல்லாத்தையும் கழட்டிக் கொடு."

எனக்கு வந்த கோபத்துக்கு விருதுநகர் வரைக்கும் பஸ்ஸில் உட்காரவில்லை. ஒற்றைச் செருப்போடு போய் இறங்கினேன் என்பது பட்டறை வாசலில்தான் உறைத்தது.

"அண்ணே, நான் கேட்ட மேடு எங்க?"

அவர் லேத்தை நிறுத்தினார். "கடைஞ்சேன். அப்பறம் எடுத்துட்டேன்."

"ஏன் எடுத்தீக?"

"இந்தா பாரு தாயி." ஒரு கரண்டியை எடுத்து அதன் மேல் பஞ்சை ஓட்டிக் காட்டினார். பஞ்சின் ஒரு இழைகூடச் சிக்கவில்லை. "பஞ்சு சிக்குச்சுன்னா அந்தச் சாமான் இங்கருந்து வெளிய போகாது. விளிம்பு இருந்தா மருந்து அதுல ஒதுங்கும். ஒதுங்குன மருந்து ஒரசும். ஒரசுனா என்ன ஆகும்னு இந்த ஊர்க்காரிக்கு நான் சொல்லணுமா? உன் படத்துல விளிம்பு இருந்துச்சு. எனக்குக் கை கூசிச்சு. வழிச்சு விட்டுட்டேன்."

"இது மருந்துச் சாமான் இல்ல. தண்ணிச் சாமான்."

"எவன் வீட்டுக்குப் போகுது?"

"பட்டாசுக் கம்பெனி வீட்டுக்கு."

"அப்பறம்? நாளைக்கு அவன் அத மருந்து ரூமுக்குள்ள போட்டான்னா? என் பட்டறைச் சாமான்ல விளிம்பு இருக்காது. எவன் கேட்டாலும் இருக்காது."

நான் சத்தம் போட்டேன். அவரும் போட்டார். பக்கத்து டீக்கடைக்காரர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கத்துவதால் ஒன்றும் ஆகாது என்று எனக்கே தெரிந்தபோது, அவருடைய முனை ஒன்றில் ஓஸ் துண்டைச் சொருகி, கிளிப்பை முடிந்த மட்டும் இறுக்கி, ஓஸை அவர் கையில் கொடுத்தேன். முனையை நான் பிடித்துக்கொண்டேன்.

"இழுங்க."

இழுத்தார். ஓஸ் சளக்கென்று கழன்று அவர் இரண்டு எட்டு பின்னால் போய் மூட்டையில் உட்கார்ந்தார். நான் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டேன்.

"உங்க கைக்கே வருது. கொதிக்கிற தண்ணி தள்ளுனா நிக்குமா? ரோட்டுல வழுக்கி இன்னொருத்தன் செத்தா அதுவும் ஒங்க பட்டறைச் சாமான்தான்."

அவர் மூட்டையிலிருந்து எழுந்தார். முனையை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "மேடு வேணும். விளிம்பு வேணாம். அம்புட்டுத்தான?" என்றார்.

"அம்புட்டுத்தான்."

"தண்ணிக் கொடத்து வாய் இருக்கே. அது மாதிரி உருட்டித் தாரேன். மேடாவும் இருக்கும். பஞ்சும் சிக்காது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் வரைந்த படத்தில் மேடு கூர்மையாக இருந்தது. அப்படியே கடைந்திருந்தால் ஓஸ் கழன்றிருக்காது, ஆனால் சூட்டில் இளகிய ரப்பரை உள்பக்கமாக அறுத்துக்கொண்டே இருந்திருக்கும். இவர் சொல்லுகிற உருண்டை மேடு ஓஸைப் பிடிக்கும், அறுக்காது. படத்தை வாங்கி அதன் மேலேயே திருத்தி வரைந்தேன். என் யோசனையும் அவர் பிடிவாதமும் சேர்ந்து, வெளிநாட்டுத் தாள் ஒன்றிலும் இல்லாத ஒரு முனை வந்தது. உள்பக்கத்தையும் அவர் வழக்கப்படி வழுவழுவென்று கடைந்திருந்தார். தண்ணீர் போகிற பாதையில் அதைவிடச் சுத்தம் எனக்குத் தேவையில்லை.

புதிய முனைகள் கைக்கு வந்ததும் அவர் பஞ்சை ஓட்டிக் காட்டினார். சிக்கவில்லை. நான் ஓஸைச் சொருகிக் கொடுத்தேன். இழுத்தார். காலைச் சுவரில் ஊன்றிக்கொண்டு இழுத்தார். வரவில்லை. "காரே கழண்டாலும் இது கழலாது," என்றார்.

இந்த முறை நானே போய், நானே சொருகி, கிளிப் எல்லாவற்றையும் நானே இறுக்கினேன். முதலாளி மகன் பக்கத்தில் நின்று ஸ்பானர் எடுத்துக் கொடுத்தான். திங்கட்கிழமை லாரி வந்தபோது கார் அதே தனிப்பாதையில் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. லாரி டிரைவருக்கு டீ வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பினோம்.

ரேஸ் சென்னைக்கு அருகே ஒரு பழைய விமான ஓடுபாதையில். நானும் போனேன். கடைக்குப் பூட்டுப் போட்டுவிட்டுப் போனது அதுதான் முதல் தடவை. வெயில் அங்கேயும் நம் ஊர் வெயில்தான். கார்களை வரிசையாக நிறுத்திச் சோதனை போட்டார்கள். சோதிக்கிறவர் எங்கள் காரின் ஓஸைப் பிடித்து ஆட்டினார், இழுத்தார், குனிந்து பித்தளையைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் பாஸ் சீட்டு ஒட்டிவிட்டுப் போனார். அந்த மனிதர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

சிவகாசி பிரஸ்ஸில் வீணாய்ப் போன பட்டாசு லேபிள் தாள்களைக் கட்டாக எடுத்துப் போயிருந்தேன். மயிலும் குருவியும் அச்சடித்த தாள்கள், ஒரு பக்கம் வெள்ளை. காரை நிறுத்துகிற இடத்திலெல்லாம் வெள்ளைப் பக்கம் மேலே தெரிகிற மாதிரி அடியில் விரித்தேன். ஒரு சொட்டு விழுந்தாலும் தெரிந்துவிடும். பக்கத்தில் நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். பார்க்கட்டும்.

வரிசை நகரவே இல்லை. இன்ஜின்கள் ஓடிக்கொண்டே இருந்தன. எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு காருக்கு அடியில் கூலன்ட் கலந்த பச்சை நிறத் தண்ணீர் ஒழுகி, அதைத் தள்ளி ஓரங்கட்டினார்கள். முதலாளி மகன் சூடு காட்டுகிற முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தான். ஜன்னல் வழியாக, "நிக்குதுக்கா. ஏறவே இல்ல," என்றான். நான் குனிந்து அடியிலிருந்த தாளை மறுபடி பார்த்தேன்.

பச்சை விளக்கு எரிந்தது. அவன் பாய்ந்தான். முதல் ஓட்டத்தில் ஜெயித்தான். அடுத்ததிலும் ஜெயித்தான். அதற்கடுத்ததில் ஒரு பெரிய காரிடம் தோற்றான். கப் ஒன்றும் வரவில்லை. அவன் முகம் தொங்கிப்போய்த் திரும்பி வந்தான். நான் கார் நின்ற இடத்தில் மண்டியிட்டு, அடியிலிருந்த தாளை உருவினேன். காய்ந்து மொறமொறவென்று இருந்தது. ஒரு பொட்டு ஈரம் இல்லை. அவனிடம் நீட்டினேன். அவன் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தான், மயிலைப் பார்த்தான், சிரித்துவிட்டான்.

அப்போது கோயம்புத்தூர்க்காரன் வந்தான். அவனும் ஒரு கார் கொண்டுவந்திருந்தான். குனிந்து எங்கள் முனைகளைப் பார்த்தான். இந்த முறை கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தான்.

"எந்த நாட்டுலேர்ந்து எறக்குனீங்க இத?" என்று முதலாளி மகனிடம் கேட்டான்.

"எறக்கல. அன்னைக்கு வந்த விருதுநகர் அக்காதான் போட்டுக் கொடுத்தாக," என்றான் அவன்.

"அந்த அக்கா இங்கனதான் நிக்கா," என்றேன்.

கோயம்புத்தூர்க்காரன் என்னைப் பார்த்தான். நேராகப் பார்த்தான். "எங்க வண்டிக்கும் இதே மாதிரி ஒரு செட் போட்டுத் தருவீங்களாங்க்கா?"

"தரலாம். வண்டியக் கொண்டாங்க, அளந்துதான் வெட்டுவேன். ஆனா வந்த ஒடனே கெடைக்காது. எனக்கு முன்னால ரெண்டு போர்வெல் லாரி நிக்குது," என்று சொல்லிவிட்டு, லேபிள் தாள்களைக் கட்ட ஆரம்பித்தேன்.

அவன் வந்தான். கடை வாசலில் நின்று, உள்ளே என்னைப் பார்த்ததும், "அக்கா, இருக்கீங்களா?" என்று கேட்டான். யாரும் இல்லையா என்று கேட்கவில்லை. போர்வெல்காரர்கள் போகிறவரை நின்றான்.